மூன்றாவது விரல்

டிராகன் படகு விழாவுக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில், சிங்யுவான் தைவானின் காவ்சியுங் நகர ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டான். இருபத்தாறு வருடம் ஆற்றுமணல் லாரி ஓட்டியவன், அன்று நண்பன் ஆலோங்கின் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தான். வலது கன்னம் வீங்கி, வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. கடையைப் பூட்டும்போது அவன் மனைவி போஜூவின் கை தானாக ஒரு பாக்குப் பொட்டலத்தை எடுத்து அவனிடம் நீட்டியது. அவனும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி மெல்ல முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

போஜூவின் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் பாக்கு விற்கும் கண்ணாடிக் கூண்டு. மற்ற கூண்டுகளில் லாரிக்காரர்களை இழுக்கக் குட்டைப் பாவாடைப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பதை நெருங்கும் இவளிடம் லாரிகள் நின்றது கைச்சுத்தத்துக்காக. பச்சைப் பாக்கின் காம்பை நறுக்குவாள், வெள்ளைச் சுண்ணாம்பு தடவுவாள், இலையில் சுற்றுவாள். மற்ற கடைகளில் தடவும் சிவப்புச் சுண்ணாம்புக் களிம்பைத் தொடமாட்டாள். பொட்டலத்தோடு ஒரு காகிதக் கோப்பையும் தருவாள்.

"முதல் எச்சிலை முழுங்காத, துப்பு. விஷமெல்லாம் அதோட போயிடும்."

அவளுக்கு யாரோ சொன்னது. அவள் ஆயிரம் பேருக்குச் சொன்னாள். அவர்களில் சிங்யுவானைப் போல் கேட்டு நடந்தவன் யாருமில்லை. லாரியில் அவன் காலடியில் எப்போதும் சிவந்த கோப்பை ஒன்று இருக்கும்.

புத்தாண்டு சமயத்தில் கோயில் முற்றத்துக்கு வாய்ப் பரிசோதனை வண்டி வந்தது. அவன் கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டைப் பார்த்த நர்ஸ், கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். சந்தையில் எல்லாரும் ஒரே குரலில், கத்தி பட்டால் பரவிவிடும் என்றார்கள். போஜூ மூலிகைப் பொடி வாங்கி வந்து ஐந்து மாதம் கொப்பளிக்க வைத்தாள்.

காவ்சியுங்கில் இளம் டாக்டர் ஒருத்தி ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எங்க பாக்குல புகையிலை கிடையாதுங்க," என்றாள் போஜூ. "முதல் எச்சிலையும் துப்பிடுவாரு. அப்புறம் எப்படி?"

"துப்பினாலும் முழுங்கினாலும் ஒண்ணுதாம்மா. புகையிலை வேணாம், பாக்கே போதும். வாய் இறுகுறதும் அதாலதான். சிகரெட்டும் சாராயமும் சேர்ந்தா இன்னும் மோசம்."

"கத்தி பட்டா..."

"சதை எடுத்துப் பார்க்கறதால பரவாது. பார்க்காம விட்ட மாசங்கள்ல புற்று கழுத்துக்கு இறங்கிடுச்சு."

சிங்யுவான் பற்களுக்கு இடையே முனகினான். "அவளை ஏன் சொல்றீங்க. மென்னது நான்."

பாதித் தாடையை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. நோட்டில் எழுதுவான். பெரும்பாலும் தண்ணீர், வலி, ஜன்னல் என்று ஒற்றைச் சொற்கள். மார்கழிக் குளிரில், உயிர் போவதற்கு நான்கு நாள் முன்பு மட்டும் ஒரு முழு வரி எழுதினான்: 'ஆலோங்கையும் வாயைக் காட்டச் சொல்லு.'

நாற்பத்தொன்பது நாள் துக்கம் கழித்து போஜூ கூண்டைத் திறந்தாள். இப்போது அதில் தேநீரும் அவித்த முட்டையும்தான். பழக்கத்தில் நின்ற லாரிக்காரர்கள் நடுவே ஆலோங்கும் வந்தான். இருபது வருடமாக அவள் கையால் சுற்றிய பாக்கையே மென்றவன்.

"மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வாயில வெச்சுப் பாரு, ஆலோங்."

"பசிக்குதுன்னு வந்தா விரலைத் தின்னச் சொல்றீங்களே அண்ணி. முட்டை தீர்ந்துபோச்சா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"மூணும் போகலைன்னா வாய் இறுகுதுன்னு அர்த்தம், ஆஸ்பத்திரிக்குப் போகணும். அவரு எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

"எங்க தாத்தா தொண்ணூறு வரைக்கும் மென்னாரு."

"அவரு கூட உக்காந்து மென்னவங்க எத்தனை பேரு அந்த வயசு வரைக்கும் இருந்தாங்கன்னு எண்ணினியா?"

"இத்தனை வருஷம் வித்துட்டு இப்ப சாமியாராயிட்டீங்களா?"

போஜூ முட்டைச் சட்டியை மூடினாள். "ஆமா, நான்தான் வித்தேன். அவருக்கும் நான்தான் சுத்திக் கொடுத்தேன், உனக்கும் நான்தான். முதல் எச்சிலைத் துப்புன்னு சொன்னதும் நான்தான். அது பொய்யுன்னு எனக்குத் தெரியல. இப்ப தெரியுது, சொல்றேன்."

ஆலோங் தேநீரைக் குடிக்காமலே லாரியில் ஏறினான். அதன்பின் அவன் வண்டி அந்த இடத்தில் வேகம் குறைத்ததே இல்லை. அடுத்த கூண்டில் வாங்குகிறான் என்று கேள்விப்பட்டாள். வாரம் ஒருமுறை அவன் எண்ணுக்கு, "காட்டினியா?" என்று மட்டும் அனுப்பினாள். படித்த அடையாளம் விழும், பதில் வராது. சிங்யுவானின் முதல் திதி போயிற்று, இரண்டாவதும் போயிற்று.

அதற்குப் பிந்திய வசந்தத்தில், முட்டைக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. ஈரக் கையாலேயே எடுத்துப் பார்த்தாள்.

'அண்ணி, ரெண்டு விரல்தான் போகுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட வரீங்களா?'