எங்கே என்று கேட்காத வீடு

ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் ‘வேர்’ (where) என்ற ஆங்கிலக் கேள்விச் சொல்லை இருபது வருஷமாக நடத்துகிறேன். இடத்தைக் கேட்கிற சொல். கேள்வியே இல்லாமல், ‘நான் பிறந்த ஊர்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது ஊரையும் பிறந்ததையும் ஒட்டவும் அது உதவும். ஆளைக் கேட்கிற ‘ஹூ’வுக்கும் பொருளைக் கேட்கிற ‘வாட்’டுக்கும் அது கூடப்பிறந்தது, மூன்றும் ஒரே பழைய சொல்லின் பிள்ளைகள் என்று அகராதியில் படித்துவிட்டு வகுப்பில் பெருமையடித்தேன். ஒருத்தியும் கண்டுகொள்ளவில்லை.

வகுப்பில் நாள் முழுக்கக் கேட்கிற இந்தக் கேள்விக்கு என் வீட்டில் அனுமதி கிடையாது. கிளம்புகிறவரைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேட்டே ஆகவேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று இழுப்போம். யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால், கிளம்பினவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் அம்மா அனுப்புவாள்.

அம்மா காலமான பிறகு அப்பாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியது. போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை காலை, அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, மஞ்சள் பையோடு வாசலில் இறங்கினார். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, “பைய போயிட்டு வாங்கப்பா” என்றேன். படித்தவளாம் நான்!

மதியம் வரை அவர் வரவில்லை. நூலகம், முடிவெட்டும் கடை, கோயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஆற்றுப் படித்துறைக்குப் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் போன் அடித்தது.

“டீச்சர், நான் பஸ் கண்டக்டர் பேசுதேன். உங்க அப்பா எங்க வண்டியிலதான் இருக்காவ, பதறாதிய. திருநெல்வேலி வந்துட்டோம். திரும்புற நடையில நானே கூட்டியாரேன். எங்க பாப்பா உங்க கிளாஸ்தான், அதான் நம்பர் இருந்துச்சு.”

பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் அப்பாவைக் கையைப் பிடித்து இறக்கினார். இட்லி வாங்கிக் கொடுத்து, தன் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறார். நான் கேட்காமல் விட்டதை அவர் கேட்டார். டிக்கெட் கொடுக்கிறவர் கேட்கத்தானே செய்வார் என்று சொல்லலாம். பதில் வராதபோது விசிலடித்து இறக்கிவிடவும் அவரால் முடிந்திருக்கும். அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடன் இந்த ஜென்மத்தில் தீராது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

“என்ன டீச்சர், என்னப் போய்க் கும்பிடுதிய!” என்று கூச்சப்பட்டார். “எங்க போணும்னு மூணு தடவ கேட்டேன். முழிச்சாவ. சரி, நீங்க யாரு பெரியவரேன்னு கேட்டேன். அது மட்டும் டக்குனு வந்துட்டு.”

அப்பா தன் பெயரைச் சொல்லவில்லையாம். “ஆழ்வார்குறிச்சி இங்கிலீஷ் டீச்சரோட அப்பா” என்றாராம்.