கழற்றிக் கொடுத்த கைக்கடிகாரம்

இப்போது நான் கட்டியிருக்கும் சித்தப்பாவின் கைக்கடிகார வாரைக் கழற்றுவது லேசான வேலை இல்லை. கடையில் வாங்கிய வார் அறுந்துபோனதும், தோல் பதனிடும் டேனரியில் வெட்டி எறிந்த எருமைத் தோல் துண்டை எடுத்து வந்து சித்தப்பாவே தைத்துக்கொண்டது அது. தடித்த தோல், இறுக்கமான துளை. நகம் வலிக்க நெம்பினால்தான் கொக்கி விடும். அதனால் அவர் அதைக் கழற்றவே மாட்டார். குளிக்கும்போதுகூட இடது கையை மேலே தூக்கிக்கொண்டு குளிப்பார். "இன்னா, பஸ்ஸ நிறுத்தறியா?" என்று சித்தி கிண்டல் செய்வாள்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம், எங்கள் திருச்சபை வழியாக வெளிநாட்டில் மருத்துவம் படிக்க உதவித்தொகை கிடைக்கும் என்று ஒரு பேச்சு வந்தது. ஆம்பூரில் அப்பா அம்மா இருவரும் ஷூ கம்பெனிக்குப் போகிற எங்கள் வீட்டில், நான் டாக்டராக அது ஒன்றுதான் வழி. ஆனால் நுழைவுத் தேர்வில் ஒரு விநோதமான பகுதி இருந்தது. அதில் பாடம் எதுவும் கிடையாது. சங்கடமான ஒரு நிலைமையைச் சொல்லி, அதில் ஒருவர் செய்வது மிகப் பொருத்தமா, ஓரளவு பொருத்தமா, பொருத்தமற்றதா, அறவே கூடாததா என்று கேட்பார்கள். மூச்சு விடுவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். இதற்கெல்லாம் சொல்லித்தர எங்கள் ஊரில் யார் இருக்கிறார்கள்? மாதிரிக் கேள்விகளைக் கைப்பேசியில் தேடி எடுத்தேன். தன் கடிகாரத்தில் நேரம் பார்க்க, பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த சித்தப்பா வந்து உட்கார்ந்தார்.

அவருக்கு டேனரியில் தோல் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம், கழிவு என்று குவியல் குவியலாகப் போடுவார். என் தேர்வைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். "அட, இது நம்ம வேலதான் பாப்பா! நீங்க மனுஷனப் பிரிக்கிறீங்க, நான் தோலப் பிரிக்கிறேன்." அன்றிலிருந்து அவரும் பதில் சொல்ல ஆரம்பித்தார். நோயாளியின் ரகசியத்தைச் சொந்தக்காரரிடம் சொல்லலாமா? "கழிவு." தவறு செய்த சக மாணவனிடம் முதலில் தனியாகப் பேசலாமா? "ஃபஸ்ட்டு." பாதி சரியாக இருக்கும், பாதி அபத்தமாக இருக்கும். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

ஒரு மாலை இந்தக் கேள்வி வந்தது. மருத்துவமனைக் கிடங்கில் வாயு கசிகிறது, கூட வேலை செய்பவர் உள்ளே மயங்கிக் கிடக்கிறார், உடனே உள்ளே ஓடி அவரைத் தூக்குவது பொருத்தமா? சித்தப்பா யோசிக்கவே இல்லை. "ஃபஸ்ட்டு."

"இல்ல சித்தப்பா, கழிவு. நீயும் உள்ள வுழுந்துட்டா? மொதல்ல உதவிக்கு ஆளக் கூப்புடணும்."

"ஆளு வர்ற வரைக்கும் அவன் இன்னா ஆவான்?"

"அது கேள்வில இல்ல."

கடிகார வாரைத் தடவிக்கொண்டே, "செரி, நாயம்தான்" என்றார். பிறகொரு நாள் அதே கேள்வியை வேண்டுமென்றே கலந்து கேட்டேன். "கழிவு" என்று சரியாகச் சொல்லிவிட்டு, பரிசு கேட்பது போலக் கையை நீட்டினார்.

தேர்வு நெருங்கிய சமயம், டேனரியின் பின்புறக் கழிவுநீர்த் தொட்டியில் சேறு அள்ள ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரை இறக்கியிருக்கிறார்கள். முகமூடி இல்லை, காற்று செலுத்தும் மோட்டார் இல்லை. அவர் மயங்கி விழுந்ததும் கூச்சல் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். எங்கள் ஊரில் இப்படித்தான் நடக்கும். விழுந்தவனைத் தூக்க ஒருவன் இறங்குவான், அவனைத் தூக்க இன்னொருவன். சித்தப்பா கடிகாரத்தைக் கழற்றி வாட்ச்மேனிடம் கொடுத்தாராம். "பத்திரமா வெய்யி, சாயங்காலம் பாப்பாவுக்கு வோணும்." கயிற்றோடு இறங்கி, அந்த ஆளின் இடுப்பில் கட்டிவிட்டார். அவரை மேலே இழுத்துவிட்டார்கள். கயிறு திரும்ப இறங்கியபோது, அதைப் பிடிக்கக் கீழே கை எழவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும், யோசிக்காமல் குதித்துவிட்டார், பாவம், நல்ல மனுஷன் என்றார்கள். சித்தி அழவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "தெனம் நாலு பதில் சொல்லிக்கினு இருந்தீங்களே, அதுல நான் எங்கடி இருந்தேன்?" என்று கேட்டாள்.

சென்னையில் தேர்வு எழுதினேன். ஆபத்தான இடத்துக்குள் ஓடுகிற கேள்வி ஒன்று, வேறு உருவத்தில், வரத்தான் செய்தது. அறவே கூடாதது என்று உடனே அழுத்தினேன். சரியான பதில் அதுதான். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சித்தப்பாமேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. முகமூடிகூடத் தராமல் ஆளை இறக்கியவர்கள்மேல் அதைவிடக் கோபம். ஆனால் விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம், பிழைத்துக்கொண்ட அந்தத் தொழிலாளி ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் தன் மகளோடு நிற்பதைப் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். அவரிடம் போய் எந்தப் பதிலைச் சொல்வது?

இப்போது நான் வெளிநாட்டில் படிக்கும் மருத்துவமனையில், நோயாளியைத் தொடும் முன் முழங்கைக்குக் கீழே எதுவும் அணிந்திருக்கக் கூடாது என்பது விதி. தினமும் காலையில் வார்டு வாசலில் நின்று வாரை நெம்புகிறேன். உடன் படிப்பவர்கள் கை கழுவி முடித்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார்கள். கொக்கி சட்டென்று விடுவதே இல்லை. அந்தத் தேர்வில் ஒரு கேள்விக்குக் கொடுத்த நேரத்தைவிட அதிகம் பிடிக்கிறது. சித்தப்பா யோசிக்காமல் குதித்தார் என்று ஊரில் இன்னும் சொல்கிறார்கள். அவர்களில் யாரும் இந்த வாரைக் கழற்றிப் பார்த்ததில்லை.