பத்து நிமிஷம் சொன்ன காரணம்

"உங்க ஆளுக்கு ஒண்ணுமே தெரியல மேடம். கேட்டா, தெரியலன்னு அவரே சொல்றாரு!"

போன வாரம் மட்டும் மூன்று பேர் போன் செய்து இப்படிக் குறைபட்டுக்கொண்டார்கள். வீடுகளுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்பவள் நான். அவர்கள் சொல்வது எங்கள் லைன்மேனை. சரி, சொல்லிக் கண்டிக்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். கண்டிக்கவில்லை. கண்டிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

லைன்மேனுக்கு எல்லோரும் வைத்த பெயர் பத்து நிமிஷம். எப்போது வருவீர்கள் என்று யார் கேட்டாலும், "பத்து நிமிஷத்துல இருப்பேன்" என்பார். காலை பதினோரு மணிக்குச் சொன்ன பத்து நிமிஷம் சாயங்காலம் ஐந்தரைக்கு முடியும். அவருடைய மனைவியே, "எங்க வீட்டுப் பத்து நிமிஷம் கிளம்பிட்டாரா?" என்றுதான் என்னிடம் கேட்பார். அவருக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வயதில் டெலிபோன் கம்பம் ஏறத் தொடங்கியவர். ஸ்கூட்டரின் பக்கவாட்டில் மடக்கு ஏணி, இடுப்புப் பையில் மீட்டர், அதோடு ஒரு நீல டேப். எந்த இணைப்பைப் போட்டாலும் அதன் மேல் நீல டேப்பை இரண்டு சுற்று சுற்றி, பேனாவால் தேதி எழுதிவிடுவார். "இது யாரு கை வேலைன்னு நாளைக்கு வர்றவனுக்குத் தெரியணும்மா" என்பார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

நல்ல மனுஷன்தான். புது இணைப்பு வாங்க நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று கம்பெனி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவரை வழிமறிப்பார்கள். அவரோ தான் எங்கள் கம்பெனி ஆள் என்பதையே மறந்துவிடுவார். "வேகத்தைப் பாத்து வாங்காதீங்க. ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எதுக்கு அவ்ளோ வேகம்? பக்கத்து வீட்டுல எது இருக்கு, மத்தியானத்துல எப்படி ஓடுது, கெட்டுப்போனா ஆள் என்னைக்கு வருது, இதைக் கேட்டுட்டு வாங்குங்க" என்று வகுப்பெடுப்பார். எங்கள் மேலாளர் பல்லைக் கடித்துக்கொள்வார்.

அவரிடம் அப்போதெல்லாம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். எந்த வீட்டிலிருந்தும் காரணம் சொல்லாமல் கிளம்ப மாட்டார். தெரியவில்லை என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. இரும்பு பீரோ சிக்னலை மறைக்கிறது, கண்ணாடி திருப்பி அனுப்புகிறது, மீன் தொட்டி உறிஞ்சுகிறது, பக்கத்து வீட்டு வைஃபை முட்டுகிறது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த அறையில் அந்த நேரத்தில் அவர் கண்ணில் பட்ட பொருள்.

அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் டைப்பிங் அம்மா. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே அறிக்கையாகத் தட்டச்சு செய்து அனுப்புவது அவர் வேலை. கணவர் பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கையில். அவரைத் தனியே விட்டுவிட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. அந்த வீட்டுக்கு அந்த இணைப்புதான் கை, கால் எல்லாம். இணைப்பு வாங்கும்போது மூன்று நோட்டீஸை ஓரமாக வைத்துவிட்டு, "கெட்டுப்போனா நீங்கதானே வருவீங்க தம்பி? அப்ப உங்களோடதே குடுங்க" என்றாராம். பத்து நிமிஷம் இதை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

வெயில் காலம் ஆரம்பித்த வாரத்தில் அந்த அம்மாவிடமிருந்து முதல் புகார் வந்தது. மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, நெட் நின்றுவிடுகிறது, நாலு மணிக்குத் தானாக வந்துவிடுகிறது என்றார். நான் என் பாடத்தை ஒப்பித்தேன். "மோடத்தை ஆஃப் பண்ணிட்டு முப்பது எண்ணிட்டு ஆன் பண்ணுங்க மேடம்." பண்ணிவிட்டேன் என்றார். "வயர் லூஸா இருக்கான்னு பாருங்க." பார்த்துவிட்டேன் என்றார். பத்து நிமிஷத்தை அனுப்பினேன். அவர் வழக்கம்போல் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார். அதற்குள் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தார். ஃபைபரில் வருகிற வெளிச்சத்துக்கு மீட்டர் ஒரு எண் காட்டும். இருபது என்றால் நல்ல வெளிச்சம், எண் கூடக்கூட மங்கல், இருபத்தேழைத் தாண்டினால் நம்ப முடியாது. இருபத்தாறு காட்டியது. ஓடத்தானே செய்கிறது என்று விட்டுவிட்டார்.

ஆனால் காரணம் சொல்லியாக வேண்டுமே. சுற்றிலும் பார்த்திருக்கிறார். மோடத்துக்குப் பக்கத்தில் கணவரின் கட்டில். கட்டிலுக்கடியில் ஒரு சின்ன மோட்டார் விர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு முதுகில் புண் வராமலிருக்கப் போடும் காற்று மெத்தை. அதில் காற்றை மாற்றி மாற்றி நிரப்புகிற மோட்டார்.

"இதாம்மா. இந்த மோட்டார்தான் இழுக்குது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

நான் கம்ப்யூட்டரில் 'வாடிக்கையாளர் தரப்புக் கோளாறு' என்று போட்டுப் புகாரை முடித்தேன்.

அடுத்தடுத்த பத்து வாரத்தில் ஒன்பது புகார். ஒவ்வொரு முறையும் மத்தியானம் போகும், அவர் சாயங்காலம் போவார், பச்சை விளக்கு எரியும். மோடத்தை மாற்றிப் பார்த்தார். வீட்டுக்குள் வரும் கேபிளைக்கூட ஒரு தரம் மாற்றினார். வேறு கம்பெனிக்கு மாறட்டுமா என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். "அதெல்லாம் வேணாம் மேடம், இன்னும் பெரிய பிளானுக்கு மாறுங்க, சரியாயிடும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அறுந்து அறுந்து வருகிற லைனில் பிளான் பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன? அது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. அவரும் மாறினார்.

ஒரு நாள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்க சொன்ன மாதிரி மோட்டாரைக் காலையில ஒன்பதுல இருந்து அஞ்சு வரைக்கும் அணைச்சுத்தான் வெக்கிறோம். அப்படியும் போகுது. நான்தான் ஏதோ தப்பா பண்றேன் போல." நான் அப்போது மேலாளரின் மேசைக்குக் காபி வந்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி மேடம், நோட் பண்ணிக்கிறேன்" என்றேன். எங்கே நோட் பண்ணினேன்? எங்கேயும் இல்லை.

பதினோராவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார். நேரத்துக்கு அறிக்கை அனுப்பாததற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டதாம். இன்று மூன்று மணிக்குள் கையிலிருப்பது போய்ச் சேராவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லையாம். பத்து நிமிஷத்தைக் கூப்பிட்டேன். அதே தெருவில் ஒரு பல் மருத்துவமனையில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவர், வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே பத்து நிமிஷத்துக்குள் போய்ச் சேர்ந்தார். போனை என்னோடு பேசும் நிலையிலேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எந்த வீட்டு லைன் கம்பத்துப் பெட்டியில் எந்தத் துளையில் இருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் நடந்தது எல்லாம் என் காதில் விழுந்தது.

"சிவப்பு எரியுதும்மா!" என்றார், ஏதோ புதையலைக் கண்டவர் போல. மீட்டர் முப்பத்தொன்று காட்டியது. நர்ஸ் ஒருவர், "இன்னும் கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்க சார், மருந்து வெச்சுடறேன்" என்று சொல்வது கேட்டது.

"என்னம்மா ஆச்சு சாருக்கு?" என்றார் பத்து நிமிஷம்.

"முதுகுல புண்ணு தம்பி. ரெண்டு எடத்துல." அந்த அம்மா அதைத் தன் குற்றத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "நான் மோட்டாரைப் போடப் போனாக்கூட, வேண்டாம், உன் வேலை போயிடும், நான் தாங்கிக்குவேன்னு இவர்தான் தடுத்துடுவார். பகல்ல அணைச்சு வெச்சதுல இப்படி ஆயிடுச்சு. பரவால்ல, ஆறிடும்."

பத்து நிமிஷம் வெளியே வந்தார். ஏணி விரிகிற சத்தம். தெருமுனைக் கம்பத்தில் எங்கள் பெட்டி இருக்கிறது. ஒரு லைனில் வரும் வெளிச்சத்தை எட்டு வீட்டுக்குப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி. மத்தியானத்தில் அதன் மேல் நேர் வெயில். மூடியைத் திறந்ததுமே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"எந்தக் கழுதைடா இப்படிப் பண்ணது? ஒருத்தர் துளையில குட்டி ஸ்பிளிட்டரைச் சொருகி ரெண்டு வீட்டுக்குப் பிரிச்சு வெச்சிருக்கான்! பாதி வெளிச்சம் வேற எங்கயோ போகுது. சூடேறினா மீதியும் போகுது. நோயாளி இருக்கிற வீடுய்யா! மனுஷனா அவன்? கையில கெடச்சான்னா..."

கீழே யாரோ, "யாருங்க அது?" என்று ஆர்வமாகக் கேட்டார்கள்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?" என்றேன்.

வெகு நேரம் கழித்து, "நீல டேப்பும்மா" என்றார். பிறகு தேதியைப் படித்தார். ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி.

அந்தத் தேதி எனக்கும் தெரியும். பல் மருத்துவமனை திறப்பதற்கு முதல் நாள். எட்டுத் துளையும் நிறைந்திருந்தது. நாளைக்குத் திறப்பு, இன்றே இணைப்பு வேண்டும் என்று அவர்கள் நெருக்க, இவரும் பத்து நிமிஷத்தில் முடிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, டைப்பிங் அம்மாவின் துளையிலிருந்து பிரித்துக் கொடுத்துவிட்டார். அன்று மாலை என் மேசைக்கு வந்து, "தற்காலிகமாத்தான் போட்டிருக்கேன். அந்த முனைக்கு இன்னொரு பெட்டி கேட்டு எழுதிடும்மா" என்றார். எழுதுகிறேன் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து விசைப்பலகைக்கு அடியில் வைத்தேன். வைத்ததோடு சரி. பெட்டி வந்திருக்கும், யாராவது மாற்றியிருப்பார்கள் என்று அவர் நினைத்திருப்பார். விசைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தாள் அங்கேயே, காபிக் கறையோடு இருந்தது.

அவர் அதைச் சொல்லிக்காட்டுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

அதற்கு முந்தின மாதம்தான் ஒரு வீடு காலியாகி அந்தப் பெட்டியில் ஒரு துளை சும்மா கிடந்தது. மருத்துவமனையை அதற்கு மாற்றினார். குட்டி ஸ்பிளிட்டரைப் பிடுங்கி எறிந்து அந்த அம்மாவின் துளையை அவருக்கே கொடுத்தார். என் மேசைக் கடிகாரத்தைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து எட்டு நிமிஷம்.

திரும்ப வீட்டுக்குள் போனார். மீட்டர் இருபத்தொன்று. அறிக்கை போய்விட்டது. மணி இரண்டு கூட ஆகவில்லை. அந்த அம்மா அழுதபடி சிரித்தார். "நீங்க நல்லா இருக்கணும் தம்பி. உங்களை நம்பித்தான் இந்தக் கம்பெனியை எடுத்தேன்" என்றார். பத்து நிமிஷம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, சமாளித்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"கோளாறு உங்க வீட்டுல இல்லம்மா. வெளிய பெட்டில. அதைப் பண்ணது நான்தான்."

"அப்ப... எங்க மேல தப்பு இல்லையா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"அந்த மோட்டாரு?"

"அதுக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லம்மா. அன்னைக்கு எனக்கு என்னன்னு தெரியல. தெரியலன்னு சொல்ல வாய் வரல. கண்ணுல பட்டதைச் சொல்லிட்டேன்."

அந்த அம்மா கத்துவார் என்று காதைப் போனோடு அழுத்திக்கொண்டேன். நர்ஸ் மருந்துப் பெட்டியை மூடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்த அம்மா, அனுமதி கேட்கிற குரலில் கேட்டார்.

"அப்ப இப்பப் போட்டுக்கலாமா தம்பி, மோட்டாரை?"

பத்து நிமிஷம்தான் கட்டிலுக்கடியில் குனிந்து போட்டிருக்க வேண்டும். விர்ரென்று அது ஓடத் தொடங்கியது. மெத்தையில் காற்று ஏறுகிற சத்தம் வந்தது. சற்றுப் பொறுத்து, ஒவ்வொரு வார்த்தையாகக் கஷ்டப்பட்டு, அந்தக் கணவர் பேசினார்.

"ரொம்ப... நன்றி... தம்பி."

பத்து நிமிஷம் பதில் சொல்லவில்லை. காபிக் கறைபட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டு, நானும்.