துலிப் வயல் டாக்டரம்மா

வயலில் எல்லோரும் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்துப் படிப்பையே பாதியில் விட்டவள். ஊசி போடத் தெரியாது, மாத்திரைப் பெயர் ஒன்றுகூட வாயில் நுழையாது. ஆனால் துலிப் பூக்கள் வரிசை கட்டி நிற்கும் அந்தப் பெரிய வயலில் எந்தச் செடிக்கு நோய் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்டுபிடித்தால் மட்டும் போதாது. செடியைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, மூடி போட்ட வாளிக்குள் தள்ளி, எரிக்கக் கொடுத்துவிட வேண்டும்.

"நம்ம டாக்டரம்மாகிட்ட போன நோயாளி ஒருத்தன்கூட வீடு திரும்பினதில்லை" என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார். வருஷா வருஷம் அதே ஜோக். அவளும் வருஷா வருஷம் சிரித்து வைப்பாள். சிரிக்காவிட்டால் மனுஷன் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, வேலியோரம் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சிவப்பு, ஊதா, மஞ்சள், வெள்ளை என்று பட்டை பட்டையாக விரிந்து கிடக்கும் வயலைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. "இங்க வேலை பார்க்கறவங்க குடுத்து வச்சவங்க" என்று ஒரு பெண் சொன்னது ஒருநாள் இவள் காதில் விழுந்தது. அப்போது இவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்றிருந்தாள். ரொம்பத்தான் குடுத்து வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அது பூவுக்காகப் போட்ட வயலே இல்லை. கிழங்குக்காகப் போட்டது. நோய் பார்த்து முடிந்ததும் மெஷின் வந்து அத்தனை பூக்களின் தலையையும் சீவிவிட்டுப் போகும். பூவை விட்டுவைத்தால் செடி தன் சத்தையெல்லாம் விதைக்குக் கொட்டிவிடும். தலை போனால்தான் மண்ணுக்குள் கிழங்கு பருக்கும். எனவே பூ விரிந்ததற்கும் மெஷின் வருவதற்கும் நடுவே கிடைக்கிற கொஞ்ச நாட்கள்தான் டாக்டரம்மாவின் சீசன். அதற்குள் வயல் முழுவதையும் வரிசை வரிசையாக, குனிந்தபடி, செடி செடியாகப் பார்த்து முடித்தாக வேண்டும். ஒரு நோய்ச் செடி தப்பிவிட்டால் போதும். அசுவினிப் பூச்சி அதில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பக்கத்துச் செடியில் போய் வாய் வைக்கும். அப்புறம் அந்தப் பக்கமே பாழ்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்த நோய் வந்த பூதான் பார்க்க அழகு. நல்ல சிவப்புப் பூ ஒரே சிவப்பாக, சோப்பு டப்பா மாதிரி நிற்கும். நோய் வந்த பூவில் வெள்ளைக் கோடுகள் தீக்கொழுந்து போல மேலே ஏறியிருக்கும். கூர்ந்து பார்த்தால் இழை இழையாகப் பிரிந்து, யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டு வரைந்தது போல இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேஸ்திரி சொன்னது ஒரே பாடம்தான். "வரிசையில எது உன்னை நின்னு பார்க்க வைக்குதோ, அதைத் தோண்டு." சிவப்பிலும் ஊதாவிலும் இந்தப் பாடம் போதும். மஞ்சளிலும் வெள்ளையிலும் போதாது. அந்தப் பூக்களில் கோடு தெரியாது. இலையில் வெளிறிய கீற்று ஏதாவது ஓடுகிறதா என்று தேட வேண்டும். அவளுக்கு மஞ்சள் வரிசை என்றாலே வயிற்றெரிச்சல்.

வெயில் இன்னொரு எதிரி. வெயில் சுள்ளென்று அடித்தால் கண் கூசி, கோடும் தெரியாது கீற்றும் தெரியாது. ஒரு கையில் கறுப்புக் குடையைப் பிடித்துச் செடிமேல் நிழல் விழ வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். மேகம் போட்ட நாள்தான் நோய் பார்க்க நல்ல நாள். மற்றவர்கள் வானம் வெளுக்காதா என்று ஏங்குவார்கள் என்றால் இவர்கள் இருட்டிக்கொண்டு வராதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது அவள் கண்கள் கிணற்றுக்குள் போய்விட்டிருக்கும். கண்ணை மூடினாலும் இமைக்குள் சிவப்பு வரிசைகள் ஓடும். முழங்கால் தனியாகப் புலம்பும், இடுப்பு தனியாகப் புலம்பும். உள்ளே வந்ததும் சுவரோரம் பாயை விரித்துப் படுத்து, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொள்வாள். அந்த வீட்டில் சீசன் முடிகிறவரை லைட் போடுவதில்லை. அவள் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று அவள் புருஷன் செய்த ஏற்பாடு அது.

புருஷன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர, குரல் இன்னும் இறங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருப்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது. வெளியூரில் இருக்கும் மகள் ஒரு போன் வாங்கிக் கொடுத்தாலும் கொடுத்தாள், பகலெல்லாம் அதை நோண்டி ஏதாவது கதை சேர்த்து வைப்பார். இந்த சீசனில் அவர் பிடித்துக்கொண்டது துலிப். அவள் கண்மேல் துணியைப் போட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா டாக்டரம்மா, இந்தப் பூ முதல்ல எங்கே இருந்துச்சு தெரியுமா? மலையில. மத்திய ஆசியாப் பக்கம். குட்டிக் குட்டியா, சிவப்பா, பாறைக்கு நடுவுல. குதிரைக்காரங்க பார்த்து எடுத்துட்டு வந்திருக்காங்க. அடுத்த ஸ்டாப் துருக்கி! துருக்கி எல்லாம் எறங்கு!"

"மெதுவா பேசுங்க. தலை வலிக்குது."

"அங்க ராஜாவுக்கு இந்தப் பூன்னா உசிரு. ராத்திரி தோட்டத்துல விருந்து வைப்பாராம். பூ தெரியணும்னு ஆமை முதுகுல மெழுகுவத்தி ஏத்தி, வரிசைக்கு நடுவுல நடக்க விடுவாங்களாம்."

"பாவம். ஆமைக்கும் இடுப்பு வலிச்சிருக்கும்" என்பாள் அவள், துணிக்கு அடியிலிருந்து.

துலிப் என்ற பெயரே தலைப்பாகையைச் சொல்கிற சொல்லிலிருந்து வந்தது என்று ஒருநாள் சொன்னார். இன்னொரு நாள் ஹாலந்து. அங்கே பைத்தியம் பிடித்து அலைந்தார்களாம். கோடு போட்ட பூவின் கிழங்கு ஒன்று, வாய்க்கால் ஓரத்து நல்ல வீடு ஒன்றின் விலைக்குப் போனதாம். கிழங்கு இன்னும் மண்ணுக்குள் கிடக்கும்போதே கை மாறிக் கை மாறி விற்றார்களாம். ஒருநாள் ஏலத்தில் கை தூக்க ஆளில்லை. அவ்வளவுதான், சீட்டுக்கட்டு வீடு மாதிரி எல்லாம் சரிந்தது.

"அவங்களுக்கு அது நோய்னே தெரியாது. கிழங்கு வருஷத்துக்கு வருஷம் இளைச்சுக்கிட்டே போறது மட்டும் தெரியும். அதையும் பொத்திப் பொத்தி வச்சிருக்காங்க. இது வைரஸ், இதைப் பூச்சி பரப்புதுன்னு கண்டுபிடிக்கவே முந்நூறு வருஷம் ஆயிருக்கு."

"வீட்டு விலைக்கு வித்ததை நான் வாளி வாளியா எரிக்கக் குடுக்கறேன். இந்த வீட்டுக்கு வாடகை குடுக்க" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு கடைசியில் இருமலாக முடிந்தது. அவள் தூங்கிப்போயிருந்தாள்.

அந்த வருஷம் அவர் இளைத்திருந்தார். பஸ்ஸில் நின்று நின்று வளர்த்த தொப்பை காணாமல் போயிருந்தது. சட்டை தோளில் தொங்கியது. முகத்தில் எலும்பு தெரிந்து, கல்யாணப் போட்டோவில் இருந்த ஆள் திரும்பி வந்தது போல இருந்தது. "என்னங்க, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்று அவளே ஒருநாள் கிண்டல் செய்தாள். "டீயில சர்க்கரையை விட்டேன் இல்ல" என்றார் அவர். அவளுக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. எது நின்று பார்க்க வைக்கிறதோ அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று காலமெல்லாம் குனிந்து குனிந்து படித்தவள், வீட்டுக்குள் வந்ததும் நின்று பார்த்தாள், சந்தோஷப்பட்டாள், கண்ணை மூடிப் படுத்துக்கொண்டாள். வேறு யாராவது செய்திருந்தால் தப்பென்று சொல்ல முடியாது.

பிறகு ஒருநாள் வானம் முழுக்க மேகம் போட்டது. கூசல் இல்லை, நிழல் இல்லை, ஒவ்வொரு பூவும் தன் உண்மையான நிறத்தில் நின்றது. மேஸ்திரி காலையிலிருந்தே ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவசரத்தில் அவள் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சிவப்பு வரிசை. குடை தேவைப்படவில்லை. கண் தானாக வேலை செய்துகொண்டிருந்தது. நல்லது, நல்லது, நல்லது, நோய், தோண்டு. நல்லது, நல்லது. இப்படி ஒரு ஓட்டத்தில் போகும்போது மனசுக்கு அங்கே வேலை இல்லை. வரிசை முடிகிற இடத்தில், வரப்பில் ஏதோ நின்றது. கண் அதே ஓட்டத்தில் செடியை விட்டு அதன்மேல் ஏறியது.

நோய்.

அப்புறம்தான் அது தன் புருஷன் என்பது அவளுக்கு உறைத்தது. கையில் டப்பாவோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. மஞ்சள். கழுத்துத் தோலும் மஞ்சள். முழங்கை மடிப்பில் சொறிந்து சொறிந்து கீறிய கோடுகள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும்.

"டப்பாவை மறந்துட்டியே" என்றார் அவர்.

"எத்தனை நாளா?"

"என்னது?"

"கண்ணைக் காட்டுங்க. எத்தனை நாளாங்க?"

அவர் முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "மஞ்சள் இப்பதான். வயித்துல வலி குளிர்காலத்துல இருந்தே இருக்கு. சீசன் முடியட்டும்னு பார்த்தேன்."

"சீசனா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ வாசல்ல நுழையும்போதே கண்ணை மூடிக்கிட்டுதான் வர்றே. நாள் பூரா நோயையே பார்த்துட்டு வர்றவகிட்ட இன்னொண்ணையும் காட்ட மனசு வரலைம்மா. அதான் லைட்டைப் போடலை. கதை சொன்னா நீ கண்ணை மூடிக்குவே."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அவரை அடிக்க வேண்டும் போலவும், கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கையெல்லாம் மண்ணும் நோய்ச்சாறும். இரண்டையும் செய்ய முடியவில்லை.

வரிசையை நடுவில் விட்டுப் போவது அந்த வேலையில் கூடவே கூடாத காரியம். எங்கே விட்டோம் என்று தெரியாமல் போய்விடும். அவள் மண்வாரியை அந்த இடத்திலேயே குத்தி நிறுத்தினாள். வாளியை மூடினாள். வரப்பேறிக் குழாயில் கை கழுவினாள்.

"எங்கம்மா போறே? இந்த மாதிரி வெளிச்சம் இனிமே கிடைக்காதும்மா! மேகம் போயிடும்!" என்று மேஸ்திரி தூரத்திலிருந்து கத்தினார்.

"போகட்டும்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருந்தார்கள், சோதனைக்கு இரத்தம் கொடுத்தார்கள், மறுபடி காத்திருந்தார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு ஒரு டாக்டர், நிஜமான டாக்டர், இவளை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், அவர் கண்ணும் தூக்கமில்லாமல் சிவந்துதான் இருந்தது. பித்தக்குழாயை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி இருக்கிறது என்றார். ஆப்பரேஷன் செய்ய வேண்டும், திறந்து பார்த்தால்தான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியும், எதையும் இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்மா. உங்க வீட்ல யாருமே கவனிக்கலையா?"

என்ன சொல்வாள்? எனக்கு அதுதான் வேலை என்றா?

வார்டில் அவரை ஜன்னலோரக் கட்டிலில் போட்டிருந்தார்கள். வெளியே மேகம் கலைந்து வெயில் வந்திருந்தது. கையில் குழாய் செருகி, ஆஸ்பத்திரி உடுப்பில் அவர் இன்னும் சின்னதாகத் தெரிந்தார். அவள் ஸ்டூலை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை மறைக்காமல் சொன்னாள். அவர் முழுசும் கேட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். "வயல்ல நின்னேனே, அப்ப நான் மட்டும் செடியா இருந்தா, தோண்டி வாளியில போட்டிருப்பே இல்ல?"

"போட்டிருப்பேன்."

"டாக்டரம்மாகிட்ட மாட்டினா யாரும் வீடு திரும்ப மாட்டாங்கன்னு மேஸ்திரி சும்மாவா சொல்றாரு."

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அந்த ஜோக்குக்கு அவள் சிரிக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர் கையை எடுத்து, சொறிந்த கோடுகளின்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"அது வயல்" என்றாள். "வீட்டுல நான் அந்த வேலை பார்க்கறதில்லை. நோயோட இருந்தாலும் வச்சுக்குவேன். இளைச்சாலும் வச்சுக்குவேன். இனிமே மறைச்சா மட்டும்தான் கெட்ட கோபம் வரும்."

அவர் தலையாட்டினார். கண்ணோரம் நனைந்திருந்ததைத் துடைக்கக் கை இல்லை. ஒன்றில் குழாய், ஒன்றை அவள் பிடித்திருந்தாள். அவளே துடைத்துவிட்டாள். அவளுக்கு இடுப்பு வலித்தது, முழங்கால் வலித்தது, கண்ணுக்குள் மணல் கொட்டியது போல எரிந்தது. சுவரில் சாய்ந்தால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். அது அவருக்கும் தெரிந்தது.

"கண்ணை மூடிக்கோ. ரொம்ப அசந்து போயிருக்கே" என்றார்.

"கதை சொல்லுங்க."

"இப்பவா?"

"இப்பதான்."

அவர் யோசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "துலிப் பூவை வெட்டி ஜாடியில வச்சாலும் அது சும்மா இருக்காதாம்மா. மத்த பூவெல்லாம் அப்படியே நிக்கும். இது மட்டும் தண்ணியைக் குடிச்சு, வெட்டின பிறகும் வளர்ந்துக்கிட்டே இருக்குமாம். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கமா வளைஞ்சு போகுமாம். தெரியுமா உனக்கு?"

வயலில் வேலை பார்க்கிற யாருக்குத்தான் அது தெரியாது. மேஸ்திரி மேஜையில் வருஷா வருஷம் அவள் கண்ணால் பார்க்கிற சங்கதி அது.

"தெரியாது" என்றாள். "சொல்லுங்க."

அவர் சொன்னார். குரல் இறங்கிப்போயிருந்தது, நடுநடுவே மூச்சு வாங்கியது. ஜன்னல் வெயில் முகத்தில் விழுந்து அவளுக்குக் கண் கூசியது. அவள் கண்ணை மூடவில்லை. கதை முடிகிறவரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.