அந்தோணிசாமி சொன்ன கொரியப் படம்

வரிசை இல்லாமல் எழுதத் தொடங்கினால் எனக்குப் பாதியில் பயம் வந்துவிடும். ஆகவே சொல்லப்போவதை முதலில் குறித்துக்கொள்கிறேன்.

1. அந்தோணிசாமி இறந்த செய்தி என்னிடம் வந்தது.
2. கொரியப் பேய்ப் படங்களை அவர் நமக்குத் தமிழில் சொன்ன விதம்.
3. நான் நம்பிச் சொன்ன ஒன்றை, படத்தில் இல்லாத காட்சியாக இட்டுக்கட்டி, எல்லோர் முன்னாலும் அவர் சொன்னது.
4. அதன் பிறகு நடந்தது.
5. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது.

இறந்தவரைப் பற்றிய கட்டுரையில் மூன்றாவது இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் பொய்யாகிவிடும். ஏற்கெனவே ஒரு பொய்யை எழுதி வைத்தவன் நான். அது போதும்.

செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் என் மகன் வீட்டில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அவருடைய மகள் ஸ்டெல்லா.

"அங்கிள், அப்பா போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"எத்தனை மணிக்கும்மா?" என்று கேட்டேன்.

"அஞ்சே முக்காலுக்கு. வாங்க அங்கிள். உங்களுக்குன்னு ஒண்ணு எடுத்து வெச்சிருக்காரு."

கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். ஆறு ஆண்டுகளாக நான் அவருடன் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, சவப்பெட்டியின் அருகே எந்தப் பக்கம் நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்றெல்லாம் திட்டமிட்டேன். போனதும் எல்லாம் மறந்துவிட்டது. ஸ்டெல்லா ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் கொடுத்தாள். உள்ளே ஒரு வீடியோ டேப். மேலே அவருடைய கோணல் எழுத்தில், "கிராணி பார்க்கணும்."

கிராணி, அதாவது ஆலை எழுத்தர், நான்தான். கிள்ளானில் நான் வேலை பார்த்த நூற்பாலையில் தொழிலாளர் வந்துபோகும் நேரத்தை அட்டையில் குத்தும் கடிகாரம் என் பொறுப்பு. அதன் சாவி என் இடுப்பில் இருக்கும். அந்தோணிசாமி அதே ஆலையில் ஸ்டோர் பார்த்தவர். ஆலை வேலை போக டேப் வாடகைக்கு விடும் கடையும் வைத்திருந்தார். ஞாயிறு பிற்பகல்களில் அந்தக் கடை மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தவர்களில் பலர் இதைப் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆலையில் இயந்திரம் பொருத்த வந்த கொரியப் பொறியாளர்கள் ஊர் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய டேப்புகளை அவரிடம் விட்டுப்போனார்கள். கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடாத கொரியப் படங்கள். அவருக்குத் தெரிந்த கொரியச் சொற்கள் இருபது இருக்கும். அதில் பாதி வசவு. அதை வைத்துக்கொண்டு, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஓடும் படத்தைத் தமிழில் சொல்வார். பெரும்பாலும் வேலைத்தலப் பேய்கள். வீட்டுக்கே போகாத கணக்கர், இறந்த பிறகும் தட்டச்சு செய்யும் பெண், இல்லாத மாடியில் போய் நிற்கும் லிஃப்ட். "நம்ம ஊரு பேய் மரத்துல ஏறும். கொரியாக்காரன் பேய் பஞ்ச் கார்டு போட்டுட்டு வேலைக்கு வரும்லா" என்பார். அடிக்கடி சொல்லும் இன்னொன்று: "பேய்க்குப் பயப்படாதீங்க. ஓவர்டைம் பேப்பர நீட்டுறான் பாருங்க, அவனுக்குப் பயப்படுங்க."

அவர் சொல்வது எல்லாம் படத்தில் இருக்காது என்பது நமக்குத் தெரியும். ஒரு முறை ஒரு பெண் குளியலறையில் அழுதுகொண்டிருந்தாள். "ஏன் அழுவுறா அண்ணே?" என்று யாரோ கேட்டார்கள். "தீபாவளிக்கு லீவு கேட்டாளாம், குடுக்கலியாம்" என்றார். "கொரியாவுல ஏதுண்ணே தீபாவளி?" "அதான் குடுக்கல." மாடியே அதிர்ந்தது.

நான் எப்போதும் சுவரோரம் உட்காருவேன். ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பேய்ப் படங்களில் நான் திரையைப் பார்ப்பதில்லை. பயம். அந்தோணிசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கதையைக் காதால் கேட்பேன். அவர் முகத்தில் பச்சையும் நீலமுமாக வெளிச்சம் மாறும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இனி மூன்றாவது.

ஆலையில் பாலையா என்றொருவர் இருந்தார். நூல் சுற்றும் இயந்திரத்தில் வேலை. ஏற்றுமதி அவசரம் என்று மூன்று நாட்களாக அவரை இரட்டை ஷிப்டில் நிறுத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை ஆறேகாலுக்கு இயந்திரத்தின் காலடியில் விழுந்தார். எழவில்லை. மேலாளர் என் மேசைக்கு வந்து, அந்த ஆள் இரண்டு மணிக்கே வெளியேறிவிட்டான், அட்டையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. நான் கடிகாரத்தின் கண்ணாடியைச் சாவியால் திறந்து, முள்ளை இரண்டுக்குத் தள்ளி, பாலையாவின் அட்டையைக் குத்தி, முள்ளைத் திரும்ப நகர்த்தினேன். உயிர் போயிருந்த அவரை, வாசலுக்கு வெளியே மயங்கிக் கிடந்தார் என்று சொல்லி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். வேலையில் இறந்தார் என்றால் ஆலை நஷ்டஈடு கொடுக்க வேண்டியிருக்கும்.

இதை ஒரே ஒருவரிடம் சொன்னேன். ஒரு மதிய உணவு வேளையில், ஸ்டோரில், நூல் பெட்டிகளுக்கு நடுவே. அந்தோணிசாமி தன் சோற்றை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "என் வாயால வராது கிராணி" என்றார். என் கையை அவர் பிடித்திருந்ததாக நினைவு. தவறாகவும் இருக்கலாம்.

மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிறு. மாடியில் வழக்கமான கூட்டம். முன் வரிசையில் பாலையாவின் மனைவி லெட்சுமியைக் கண்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆனது. அவள் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. "புதுப் படம், வாங்க தங்கச்சி, முன்னாடி உக்காருங்க" என்று அந்தோணிசாமியே அழைத்து உட்கார வைத்தார்.

கதை நடந்தது. தொழிற்சாலை, ஓயாத வேலை, ஒருவன் இயந்திரத்தின் அருகே விழுகிறான். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இப்ப ஆபீஸ்ல ஒருத்தன் வரான்" என்றார். "கையில சாவி. கடிகாரத்தத் தொறக்குறான். முள்ளப் பின்னால தள்ளுறான். செத்தவன் கார்ட எடுத்து, இவனே குத்துறான்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. குரல் இறங்கிவிட்டிருந்தது. "செத்தவன் பேயா வந்து நிக்கிறான். உன்னை ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொல்றான். என் பொண்டாட்டிகிட்ட மட்டும் சொல்லிடு, நான் எங்கயும் போகல, மெஷின்கிட்டதான் நின்னேன்னு."

நான் எழுந்து நின்றிருந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"உக்காருங்க கிராணி, மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். லெட்சுமியும் திரும்பினாள்.

படிக்கட்டில் அவள் என்னைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, நில்லுங்க. அவரு ரெண்டு மணிக்கு வெளியானாரா, இல்லியா?"

"இல்ல."

"அப்ப எங்க இருந்தாரு?"

"ஆறேகால் வரைக்கும் மெஷின்லதாம்மா."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நாலு மணி நேரம் எங்க போனான், எவ வீட்டுல இருந்தான்னு என் மாமியா சாகுற வரைக்கும் கேட்டாங்க. ஊரே கேட்டுச்சு. நானும் கேட்டேண்ணே. அவரு போட்டோவப் பாத்து நானும் கேட்டேன்."

நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். பிறகு, "இத எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள். மறுநாளே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தைரியம் என்று சொல்லிவிட முடியாது. மறைக்க இனி ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அந்த மாதமே ஆலையில் என்னைப் போகச் சொன்னார்கள். மேலாளர் அங்கேயே இருந்தார். என்னோடு தேநீர் குடித்தவர்களில் சிலர், பிணத்தின் அட்டையைக் குத்தியவன் என்றார்கள். சிலர், முதலாளியைக் காட்டிக்கொடுத்தவன் என்றார்கள். இரண்டும் உண்மை என்பதால் யாருக்கும் பதில் சொல்லவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிட்டேன்.

என் கோபம் முழுவதும் ஒருவர் மேல்தான் போனது. மேலாளரிடம் நான் எதையும் எதிர்பார்த்திருக்கவில்லை. இவரை நம்பியிருந்தேன். தனியே அழைத்து, "லெட்சுமியிடம் சொல்லுங்கள் கிராணி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக என் குற்றத்தை ஐம்பது பேருக்கு நடுவில் பேய்க் கதையாக்கினார்.

மூன்று முறை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தார். மூன்றாவது முறை, கம்பிக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்: "படத்துல இருந்ததத்தான் சொன்னேன் கிராணி. நீங்க எங்க படம் பாத்தீங்க, என் மூஞ்சியத்தானே பாத்தீங்க? ஒரு தடவ பாருங்கலா." கையில் ஒரு டேப் இருந்தது.

"தீபாவளிக்கு லீவு குடுக்கலன்னு சொன்ன ஆளுதானே நீங்க" என்று உள்கதவையும் சாத்தினேன். அவரிடம் நான் பேசிய கடைசிச் சொற்கள் அவை.

இதுவரை எழுதிவிட்டு நேற்று பிற்பகல் அந்த டேப்பைப் போட்டேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, ஒலியைக் குறைத்து, முதன்முதலாக ஒரு பேய்ப் படத்தை நேராகப் பார்த்தேன்.

ஒருவன் வருகிறான். மெலிந்தவன், கண்ணாடி போட்டவன். கையில் சாவி. கடிகாரத்தின் கண்ணாடியைத் திறக்கிறான். முள்ளைப் பின்னால் தள்ளுகிறான். இறந்தவனின் அட்டையை எடுத்துக் குத்துகிறான். மொழி தேவைப்படவில்லை. முள்ளைத் தள்ளும்போது அவன் இடது கையால் கதவைப் பிடித்துக்கொள்கிறான், ஆடாமல் இருப்பதற்காக. நானும் அப்படித்தான் பிடித்தேன். அது நான் மட்டும் செய்த காரியம் என்று இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

பிறகு பேய் வருகிறது. அது வாயே திறக்கவில்லை. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொல்லும் பேசாமல் அந்தக் கிராணியின் கழுத்தைப் பிடித்து இயந்திரத்துக்குள் இழுத்துப்போகிறது. படம் அங்கே முடிகிறது.

அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர். லெட்சுமியை முன் வரிசையில் உட்கார வைத்தவரும் அவர். என்னைக் கேட்கவில்லை. அந்த வலி எனக்குப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. ஐந்தாவது குறிப்புக்கு இதைத்தான் எழுத முடிகிறது: டேப்பை நான் வைத்துக்கொள்வேன். அதில் இல்லாத அந்த ஒரு வாக்கியத்தையும் வைத்துக்கொள்வேன். இயந்திரத்துக்குள் போயிருக்க வேண்டியவனை, லெட்சுமியிடம் உண்மையைச் சொன்ன அந்தப் படிக்கட்டு வரை அனுப்பிவைத்த வாக்கியம் அது.

மூன்றாவது குறிப்பை நான் அடிக்கவில்லை, எழுதியபடியே மேலே இருக்கட்டும். அது தவறு. முள்ளைத் தள்ளிய காட்சி படத்தில் இருந்தது. அவர் இட்டுக்கட்டியது பேயின் பேச்சை மட்டும்தான்.