ஆணி பிடுங்குகிறவர்

கள்ளக்குறிச்சி பழைய மரக்கடையில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். உளுத்திருக்கிறதா என்று பிடுங்கிய ஆணியாலேயே ஒவ்வொரு பலகையையும் குத்திப் பார்ப்பார்.

வீட்டில் மேட்டுப்பாத்தி கட்ட மண் வந்து இறங்கிவிட்டது. சுற்றிலும் அடைக்க மலிவாக மரம் வேண்டும். நீளம், கனம், உறுதி, விலை என என் பட்டியலில் இருந்த நான்குக்கும் பொருந்திய பச்சைப் பெயிண்ட் அடித்த பழைய கதவுப் பலகைகளைக் கண்டதும் துள்ளிவிட்டேன்.

பாத்திக்கு என்று சொன்னதும், "உள்ள இன்னா போடப் போறீங்க?" என்றார் அந்தப் பெண்.

"கீரைங்க."

"அப்ப இது வாணாம். பழைய பெயிண்டு வெசம், உரிஞ்சி மண்ணுல எறங்கும். கீரைய ஆடா துன்னப் போவுது?"

எஞ்சினியரிங் படித்த எனக்கு அது தோன்றவில்லை. பழைய கூரையிலிருந்து வந்த பனஞ்சட்டங்களை இழுத்துப் போட்டார். விலை இன்னும் கம்மி.

"பச்சைப் பலகையத்தான் இன்னிக்கு தள்ளியாவணும்னு மொதலாளி கத்திக்கினு இருக்காரு," என்று சிரித்தார்.

அதை யார் தலையில் கட்டினாரோ தெரியாது. என் தலையில் ஏன் கட்டவில்லை என்பதும் தெரியாது.