தீ மிதிக்க வேண்டிக்கொண்ட கால்

எங்கள் தொழிலில் கை வலிப்பது பெரிய கஷ்டம் இல்லை. வருகிறவர்கள் வாயிலிருந்து உண்மையை வரவழைப்பதுதான் கஷ்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அரியலூரில் ஒரு வைத்தியசாலையில் தைலம் தேய்த்து உருவிவிடும் வேலையில் இருந்தேன். காய்ச்சல், கட்டி உள்ளவர்களுக்குத் தேய்க்காமல் திருப்பி அனுப்புவோம். அதனால் குன்னத்திலிருந்து வண்டி கட்டி வந்தவர், உடம்பு அனலாய்க் கொதிக்க, "வெயில்ல வந்தேன், அதான் சுடுது" என்பார். இன்னொருவர் தொடையில் கட்டியை வைத்துக்கொண்டு, என் கை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஊர்க்கதையை ஆரம்பிப்பார். இவர்களை நம்பிக் கை வைத்தால் பழி நம் தலையில் விழும்.

செந்துறைப் பக்கத்துச் சாமிக்கண்ணு எதையும் மறைக்கவில்லை. அவருக்கே தெரியவில்லை. கால் குடைச்சல் என்று மனைவி அஞ்சலையம்மாள்தான் அழைத்து வந்திருந்தார். தைலம் தேய்த்துவிட்டு, நொச்சி இலையை வதக்கித் துணியில் கிழியாகக் கட்டி உள்ளங்காலில் ஒத்தடம் கொடுத்தேன்.

"சூடு பத்தல தம்பி."

மறுபடி சட்டியில் வைத்து எடுத்தேன். அதுவும் பத்தவில்லையாம். அடுத்த முறை என் கையாலேயே பிடிக்க முடியவில்லை. மனிதர் பருத்தி விலை பேசிக்கொண்டிருக்கிறார்! கிழியைக் கீழே போட்டுவிட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் ஒரு கருவேல முள் ஒடிந்து, சுற்றிலும் சீழ் வைத்திருந்தது.

"ஐயா, இது எப்ப குத்துச்சு?"

"எது?"

நான் பதறினேன். அவருக்கோ ஒரே சந்தோஷம். "காலு கொஞ்ச நாளா இப்படித்தான் மரத்துக் கெடக்கு. எல்லாம் ஆத்தா செயலு. மவன் பொழச்சதுக்குத் தீ மிதிக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். இப்பவே காலக் குளுர வச்சிட்டா பாரு!"

வைத்தியர் வந்து முள்ளை எடுத்தார். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா என்று கேட்டார். "மொய்க்குதுங்க" என்றார் அஞ்சலையம்மாள். "நீரிழிவு. இந்தக் காலோட நெருப்புல எறங்கினா புண்ணு ஆறாது. கால எடுக்கும்படி ஆயிடும்" என்றார் வைத்தியர்.

சாமிக்கண்ணுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தாவ விட ஒங்க தைலம் பெருசா? ஊரு பூரா சொல்லியாச்சு. புள்ளயக் காப்பாத்திக் குடுத்தவளுக்கு நான் சொன்ன சொல்லு மாறுவனா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் வாசலைத் தாண்டினால் கால் போயிற்று என்று எனக்குப் பயம். வைத்தியரை முந்திக்கொண்டு பேசிவிட்டேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. மத்தவங்க சூட்டத் தாங்கிக்கிட்டு எறங்குறாங்க. ஒங்களுக்குச் சூடே தெரியல. படாத கஷ்டத்த ஆத்தாளுக்கு எப்படிக் குடுப்பீங்க?"

அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப என் நேத்திக்கடன்?"

"ஒங்களுக்கு வலிக்கிற எடமாப் பாத்துக் குடுங்க" என்றார் அஞ்சலையம்மாள்.

"எங்க வலிக்கும்?"

"நாக்குலதான். இனிப்பத் தொடமாட்டேன்னு வேண்டிக்குங்க."

நிலத்தை எழுதித் தரச் சொன்னது போல அவர் மனைவியைப் பார்த்தார். "வேற ஏதாச்சும் சொல்லு புள்ள" என்று கெஞ்சினார். வைத்தியர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்வேன். சூடு போதுமா என்று ஆளைக் கேட்காதீர்கள். கிழியை முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள், உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், பிறகு கை வையுங்கள். நான் அன்றிலிருந்து அப்படித்தான் செய்தேன்.

தீமிதிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். இறங்கிவிடுவாரோ என்ற பயத்தில்தான் போனேன். சாமிக்கண்ணு காலில் துணிக்கட்டோடு, தீக்குழியை விட்டுத் தள்ளி, கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். மற்றவர்கள் நெருப்பில் ஓடிக் கரையேறிச் சிரித்துக்கொண்டே போனார்கள். பிறகு நெய் ஒழுக ஒழுகச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. இலையை வாங்கினார், மூக்கருகே கொண்டுபோனார், கண்ணை இறுக மூடிக்கொண்டு அப்படியே மகன் கையில் கொடுத்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

அஞ்சலையம்மாள் என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "பாத்துக்குங்க தம்பி, இப்பத்தான் மிதிக்கிறாரு."